கடலோர ஊரில் பேஸ் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங்?

போன வாரம் ரிகர்சல் முடிந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டான்: "அண்ணே, ஸ்ட்ரிங் மாத்தணும். நிக்கலா, ஸ்டீலா, ஃபிளாட்டா? எது போட்டா நல்லாருக்கும்?"

"பேஸை வீட்டுல எங்க வைக்கிற?" என்றேன்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லையே என்று பார்த்தான். கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், ஸ்டாண்டில் நிற்கிறதாம். வீடு பட்டினப்பாக்கம்; கடல் நடக்கிற தூரம். ராத்திரி ஏசி ஓடும், பகலில் ஜன்னல் திறந்திருக்கும். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் ஸ்ட்ரிங்கைப் பற்றி வாயைத் திறக்க முடியும்.

நாம் சத்தத்தைக் கேட்டுத்தான் ஸ்ட்ரிங் வாங்குகிறோம். யூடியூபில் ஒருவர் ஐந்து செட்டை அடுத்தடுத்து மாட்டி வாசித்துக் காட்டுவார், காதுக்குப் பிடித்ததை ஆர்டர் போட்டுவிடுவோம். அவர் கையில் இருக்கும் ஸ்ட்ரிங்கிற்குப் பத்து நிமிட வயசு. சென்னையில் அந்தச் சத்தம் மூன்றாவது கல்யாண ரிசப்ஷனைத் தாண்டாது. அதனால் நான் ஒப்பிடும் வரிசை வேறு: ஒரு செட் நெக்கை (விரல் ஓடும் அந்த நீளக் கட்டையை) எவ்வளவு இழுக்கும், இந்த ஊர்க் காற்றில் எப்படிக் கெடும், அதற்கப்புறம்தான் சத்தம்.

நெக் ஒரு வில்

34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) உள்ள சாதாரண நான்கு ஸ்ட்ரிங் பேஸில் 45–100 நிக்கல் செட்டை மாட்டி வழக்கமான ஸ்ருதிக்கு முறுக்கினால், நான்கும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 75 முதல் 80 கிலோ வரை இழுக்கும். மூன்று அரிசிச் சிப்பத்தை அந்தக் கட்டையில் தொங்கவிட்ட மாதிரி. (45, 100 என்பதெல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு, மெல்லிய ஜி ஸ்ட்ரிங் 0.045 அங்குலம், தடித்த ஈ ஸ்ட்ரிங் 0.100.) ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் என்றால் அந்த பி ஸ்ட்ரிங்கிற்காக இன்னொரு 15 கிலோ. இந்த இழுவைக்கு எதிராக நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்ற, திருகி இறுக்கும் இரும்புக் கம்பி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. நெக் இப்போது நிற்கும் வளைவு, இந்த இரண்டு பேரும் அடித்துப் பிடித்து வந்த சமரசம்.

சமரசத்தைக் குலைக்கிற மூன்றாவது ஆள் காற்றிலுள்ள ஈரம். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் உப்பும். நீளத்தில் ஏறக்குறைய அசையாது. ஒரே மரம், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பாலிஷ் என்றால் பெரிய தொல்லை இருக்காது. ஆனால் நம் பேஸ்களில் பெரும்பாலும் பின்பக்கம் பாலிஷ் போட்ட மேப்பிள், அதன்மேல் ஒட்டியிருக்கும் ஃபிங்கர்போர்டு, அதாவது விரல் அழுத்தும் பலகை, பாலிஷ் இல்லாத ரோஸ்வுட். இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஈரம் குடிக்கும், வேறு அளவில் உப்பும். ஒட்டிய இரண்டில் ஒன்று அதிகம் நகர்ந்தால் மொத்தக் கட்டையும் வளையும்.

எந்தப் பக்கம் வளையும் என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. இணையத்தில் இதற்கு அடித்துச் சத்தியம் செய்கிறவர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். என் பேஸ் ஐப்பசி மழையில் முன்னோக்கி வளைந்து ஸ்ட்ரிங்கைத் தூக்கிவிடும். எங்கள் கீபோர்டுக்காரர் வீட்டில் இருக்கும் பேஸ் அதே மழையில் நேராகி, முதல் நான்கு ஃப்ரெட்டில் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே பதித்த கம்பிகள்) உரசும். மரம் எப்படி அறுக்கப்பட்டது, ரேகை எப்படி ஓடுகிறது, பாலிஷ் எவ்வளவு தடிமன் என்று கட்டைக்குக் கட்டை மாறும். உங்கள் நெக்கின் குணத்தை ஒரு வருஷம் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

அளப்பது கஷ்டமில்லை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டுங்கள். நெக், உடலோடு சேருமிடத்தில் ஈ ஸ்ட்ரிங்கை விரலால் அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங்கே ஒரு நேர்கோடு. ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்கின் அடிக்கும் ஃப்ரெட்டின் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ரிலீஃப். ஃபெண்டர் கம்பெனி தன் பேஸ்களுக்குச் சொல்வது, ஃபிங்கர்போர்டின் வளைவைப் பொறுத்து, 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு போதும். அதன் தடிமன் சுமார் 0.3. கார்டு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் நெக் சரி. ஸ்ட்ரிங்கைத் தூக்கிக்கொண்டு போனால் நெக் நேராகிவிட்டது. கார்டுக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் முன்னால் வளைந்திருக்கிறது. அதன் பிறகுதான் ஆக்‌ஷன்: 17ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம், ஈ பக்கம் 2.4 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2. பலர் வரிசையை மாற்றி, நெக்கைப் பார்க்காமல் பிரிட்ஜில் (உடலில் ஸ்ட்ரிங் முடியும் இடம்) ஸ்ட்ரிங்கைத் தாங்கும் ஸேடிலை இறக்கிவிடுகிறார்கள். அடுத்த மாதம் காற்று மாறினதும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே எல்லாம் உரச ஆரம்பிக்கும்.

சென்னை எப்போதும் ஈரம்தானே, மாறாத ஈரம் நல்லதுதானே என்று கேட்கலாம். மாறாமல் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். ஜூன் மாதம் மேற்கிலிருந்து அனல்காற்று அடிக்கும் மதியங்களில், கடல்காற்று உள்ளே வருவதற்கு முன்னால், 40க்கும் கீழே இறங்கும். இதற்கு நடுவே ஏசி அறை வேறு. கிட்டார் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கேட்பது 45 முதல் 55. அந்த இடத்தை நம் பேஸ் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகும், தங்காது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈ.சி.ஆர். பக்கம் புல்வெளி ரிசப்ஷனில் மேடை ஏறி அரை மணியில் ஸ்ருதி இறங்கினால் அது ஈரத்தின் வேலை இல்லை. ஏசி காரில் குளிர்ந்திருந்த ஸ்ட்ரிங் சூடேறி நீண்டுவிட்டது, அவ்வளவுதான். டியூன் பண்ணிவிட்டு வாசியுங்கள். மரம் அவ்வளவு அவசரப்படாது. அது நாள்கணக்கில் நகரும். மேடையில் நின்றுகொண்டு ட்ரஸ் ராடைத் திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன், நானே ஒருமுறை அப்படித்தான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மாலை திருகியது புதன்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தது.

நிக்கல், ஸ்டீல்

நிக்கல் பூசிய, உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட்தான் நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது. டேடாரியோ, எர்னி பால் எதுவானாலும் நெக்குக்குப் பழகிய இழுவை, எந்தப் பாட்டுக்கும் ஒத்துப்போகும் குரல். உள்ளே ஸ்டீல் கம்பி, மேலே நிக்கல் பூசிய ஸ்டீல் சுற்று. பூச்சு விரலில் தேய்ந்த இடத்தில் உப்புக்காற்று வேலையைக் காட்டும். ஆனால் துருவுக்கு முன்பே வருவது அழுக்கு. ரவுண்ட்வவுண்டின் சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் வியர்வையும் தோலும் எண்ணெயும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஸ்ட்ரிங் "செத்துப்போச்சு" என்று சொல்வது இதைத்தான்.

அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே எடையில் படியாது. அதனால் ஸ்ட்ரிங்கின் எடை இடத்துக்கு இடம் மாறி, இன்டொனேஷன், அதாவது ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஸ்ருதி சேர்வது, தப்பும். பழைய ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு ஸேடிலை முன்னும் பின்னும் தள்ளி மல்லுக்கட்டுவது, கறை படிந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பவர் சரியில்லை என்பது போல.

மழைக்கால முகூர்த்த சீசனில் எனக்கு ஒரு நிக்கல் செட் ஆறு வாரம் தாங்கினால் பெரிசு. அப்போது வெந்நீர் வைத்தியம் உண்டு. ஸ்ட்ரிங்கைக் கழற்றிச் சுருட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் இரண்டு வாரத்துக்கு மறுபடி உயிர் வரும். முதல்முறை நான் எடுத்தது அம்மா ரசம் வைக்கும் பாத்திரம். அதன் பிறகு எனக்கென்று ஒரு பழைய குக்கர் ஒதுக்கப்பட்டது. கழற்றிக் கழற்றி மாட்டினால் டியூனிங் கீயில் மடங்கிய இடம் நைந்து முறியும், ஆகவே ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடலோரத்துக்கு உகந்தது என்று முதலில் தோன்றும், பெயரிலேயே கறையில்லை. சுற்று துருப்பிடிக்காது என்பது உண்மைதான். கட்டைவிரலால் அறைந்து ஸ்லாப் வாசிப்பவர்களுக்கு அந்தக் கூர்மையும் வேண்டியிருக்கும். ஆனால் பள்ளத்தில் அழுக்கு படிவதை ஸ்டீல் எப்படித் தடுக்கும்? சத்தம் மங்குவது மங்கத்தான் செய்யும். தவிர, நம் ஃப்ரெட் கம்பி பெரும்பாலும் 'நிக்கல் சில்வர்'. பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் துத்தநாகமும் நிக்கலும். ஸ்டெயின்லெஸ் ஸ்ட்ரிங் அதைவிடக் கடினம், ஃப்ரெட்டைச் சீக்கிரம் தின்னும். நம் ஊரில் ஃப்ரெட்டை ஒழுங்காக மாற்றத் தெரிந்த கைகள் குறைவு. வாரத்தில் நான்கு நாள் ஸ்லாப் அடிக்கிறவர் வாங்கட்டும், மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

மேல்பூச்சு உள்ளவை

எலிக்ஸிர் போன்றவை. சுற்றுக்கு மேல் மெல்லிய பாலிமர் படலம் இருப்பதால் வியர்வையும் அழுக்கும் பள்ளத்துக்குள் இறங்காது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் என் கையில் மூன்று மடங்குக்கு மேல் உழைத்தது. கணக்கு தேறுகிறது. பிக் (மீட்டும் வில்லை) வைத்து வாசிப்பவர்களுக்கு மட்டும் பூச்சு ஒரே இடத்தில் உரிந்து பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். தொடும்போது லேசான வழுக்கல் இருக்கும், சிலருக்கு அது ஒட்டாது.

எனக்குப் பெரிய லாபமாகப் பட்டது வேறு. ஒரே செட் பல மாதம் மாறாமல் இருப்பதால் இழுவை மாறவில்லை. அந்த மாதங்களில் நெக் நகர்ந்தால் அது காற்றின் வேலைதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு கேஜ் (தடிமன்) என்று மாற்றுகிறவருக்கு எது ஸ்ட்ரிங்கால் வந்தது, எது மழையால் வந்தது என்றே பிடிபடாது.

ஃபிளாட்வவுண்ட்

இதைக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், கட்சி சார்ந்தவன் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோது தட்டைப் பட்டை சுற்றிய ஃபிளாட்தான் வழக்கம். 1960களில் ரோட்டோசவுண்ட் கம்பெனி, தி ஹூ ராக் குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் வந்த பிறகுதான் பேஸுக்குப் பியானோ போன்ற அந்தக் கணீர்க் குரல் பரவியது. அதே காலத்தில் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் தடித்த லா பெல்லா ஃபிளாட்டை மாட்டிவைத்துவிட்டு, அறுந்தால் ஒழிய மாற்றுவதில்லை என்றே இருந்தார்.

அந்தப் பழக்கம்தான் நமக்குப் பாடம். ஃபிளாட்டில் சுற்று தட்டையான பட்டை. பள்ளம் கிடையாது, அழுக்கு உட்கார இடமில்லை. கணீரென்ற மேல்குரல் ஆரம்பத்திலிருந்தே குறைவு, ஆகவே கெடுவதற்கு அதிகம் இல்லை. முதல் மாதம் கொஞ்சம் ஜிங்கென்று இருக்கும், பிறகு அடங்கி, வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். பழைய இளையராஜா பாட்டுகளின் பேஸ் நடையை வாசிக்க உட்கார்ந்தால், அந்த உருண்ட, சீக்கிரம் அடங்கும் குரல் கைக்கு வந்துவிடும். ஸ்லாப் மட்டும் கேட்காதீர்கள்.

மாட்டும்போதுதான் கவனம். ஃபிளாட் என்ற ஒரே பெயரில் இழுவை எங்கெங்கோ போகும். லா பெல்லாவின் 52–110 செட், சாதாரண நிக்கல் செட்டைவிட 15, 20 கிலோ கூடுதலாக இழுக்கும். தோமாஸ்டிக் ஃபிளாட் அதற்கு நேர் எதிர், நிக்கலைவிடவும் தளர்வு. முதன்முதலில் நான் தடித்த செட்டை மாட்டிவிட்டு ஆக்‌ஷன் அருமை என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை அதே இடத்தில் விசிட்டிங் கார்டு இரண்டு தாராளமாக நுழைந்தது. அதோடு ஈ ஸ்ட்ரிங் நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பட்டை) பள்ளத்தில் இறங்காமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. 100க்கு வெட்டிய பள்ளத்தில் 110 எப்படி இறங்கும்? திறந்த ஸ்ட்ரிங்கின் உயரம் அங்கேயே கெட்டுவிட்டது. பள்ளத்தை அகலப்படுத்துவது திரும்பப் பெற முடியாத வேலை. முதல் ஃபிளாட் வாங்குகிறவர் 45–105க்கு மேல் போக வேண்டாம்.

மாட்டும்போது இன்னொரு விஷயம்: நீளம் அளந்து வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஸ்ட்ரிங்கைச் செங்குத்தாக மடக்கிக்கொள்ளுங்கள். நேராக வெட்டினால் சுற்று நழுவி ஸ்ட்ரிங் பாழாகலாம். இரண்டு மடங்கு விலை கொடுத்த செட்டில் இந்தத் தவறு வலிக்கும். ஃபிளாட்டை வெந்நீரில் போடவும் வேண்டாம்.

குரலுக்கு வசதியாக அரை ஸ்ருதி இறக்கி வாசிக்கும் குழுக்கள் உண்டு. அதே செட்டை அரை ஸ்ருதி இறக்கினால் இழுவை 11 சதவீதம் குறையும், அதாவது எட்டு ஒன்பது கிலோ. நெக்குக்கு அது வேறு செட் மாட்டியதற்குச் சமம். ஸ்ருதியை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு செட்டப் செய்யுங்கள்.

காசை ஸ்ட்ரிங்கில் போடுவதா, அறையில் போடுவதா?

முதல் செலவு ஸ்ட்ரிங்கே இல்லை, சில நூறு ரூபாய் ஈரப்பத மீட்டர். மலிவு மீட்டர்கள் பொய் சொல்லும், அதைப் பிடிக்க வீட்டு உப்பு போதும். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75இல் நிற்கும். மீட்டர் 71 காட்டினால் எப்போதும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சிலிக்கா ஜெல்லும், இரு பக்கமும் சமன் செய்யும் ஈரப்பத பாக்கெட்டுகளும் நல்ல பொருள்கள்தான். ஆனால் துணிப் பையில் போட்டால், ஜன்னலைத் திறந்து வைத்து ஏசி போடுகிற கதை. இறுக்கமாக மூடும் ஹார்ட் கேஸ் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் மழைக்காலத்தில் பாக்கெட் சீக்கிரம் குடித்து உப்பிவிடும். சிலிக்கா ஜெல்லையாவது வாணலியில் வறட்டி மறுபடி பயன்படுத்தலாம்.

ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறையில் பேஸை வெறுமனே ஸ்டாண்டில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. தினம் ஒருமுறை 55, ஒருமுறை 80. ஏசி இல்லாத உள் அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், பைக்குள் வைத்தால் ஈரம் அதிகமாக இருந்தாலும் நிதானமாக இருக்கும். நெக்குக்கு நிதானம்தான் வேண்டும். ஏசி காரிலிருந்து இறக்கியதும் பையைத் திறக்காமல் அரை மணி விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த சோடா பாட்டில் மாதிரி ஸ்ட்ரிங்கிலும் பிரிட்ஜிலும் தண்ணீர் கோக்கும். ஸேடிலின் சின்ன திருகாணிகள் முதலில் துருப்பிடிப்பது இப்படித்தான். ஒருமுறை அதில் ஆலன் கீயின் மூலை மழுங்கி, திருகாணி அசையவேயில்லை. குண்டூசி முனையில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு வைத்து ஒரு ராத்திரி விட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. இப்போது ஸ்ட்ரிங் மாற்றும்போதெல்லாம் எட்டுத் திருகாணிக்கும் ஒரு பொட்டு.

அடுத்த பேஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், சூளையில் வறுத்த மேப்பிள் நெக்கோ, உள்ளே கிராஃபைட் கம்பி வைத்த நெக்கோ பாருங்கள். இரண்டும் ஈரத்துக்கு அசைவது குறைவு. இருக்கிற பேஸுக்காக அதை யோசிக்க வேண்டாம்.

தம்பிக்கு ஒரே பேஸ். மாதம் நான்கைந்து கல்யாணம், ஞாயிறு சர்ச், ஸ்லாப் ஆசை கொஞ்சம் உண்டு, பிக் தொடுவதில்லை. பூச்சு உள்ள நிக்கல் 45–105 வாங்கு, அடுத்த ஐப்பசி வரை கேஜை மாற்றாதே என்றேன். இரண்டாவது பேஸ் வாங்குகிற அன்று பழையதில் ஃபிளாட் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். கட்சிக்கு ஆள் சேர்க்க வேண்டாமா?

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தான்.

"அண்ணே, மீட்டர் வாங்கிட்டேன். உப்பு டெஸ்ட்ல 72 காட்டுச்சு, மூணு கூட்டிக்கிறேன். காலைல 81, இப்ப ஏசில 56. ஸ்ட்ரிங் மாட்டி ரெண்டு நாள் ஆச்சு, கார்டு கொஞ்சம் லூசாத்தான் போகுது. ட்ரஸ் ராடைக் கால் சுத்து திருப்பட்டுமா?"

"முதல்ல பேஸை அந்த ரூம்லருந்து வெளியில எடு. ஒரு வாரம் கழிச்சு அதே நேரத்துல திரும்ப அளந்து சொல்லு."